ஏழு என்று எழுதியவர்

மைக்குக்குப் பேட்டரி இல்லை என்று கேமராக்காரர் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எமரன்சியா கோர்ட் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தாள். ஃபிரேம் செட் பண்ணியாச்சு மேம், கொஞ்சம் அசையாம இருங்க என்று சொல்லிவிட்டு, யூட்யூப் சேனலுக்குப் பேட்டி எடுக்க வந்த அபிநயா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கைபேசிக்குள் போய்விட்டாள். மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை கார் எடுத்து வருகிறார்கள், மூன்று கால் ஸ்டாண்டு கொண்டுவருகிறார்கள், முகத்தில் வெளிச்சம் அடிக்க வெள்ளைத்துணிக் குடை கொண்டுவருகிறார்கள், இரண்டு பேட்டரி கொண்டுவரத் தெரியவில்லை. கூடைப்பந்துதானே, போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு கிரிக்கெட்டுக்காரன் வீட்டுக்குப் போவதாக இருந்தால் பேட்டரி பெட்டியோடு வந்து இறங்கியிருக்கும். அசையாமல் இருப்பது எப்படி என்று இவளிடம் யாராவது சொல்லட்டும் பார்ப்போம், ஐம்பது வயதில் பாதிக்கு மேல் கோர்ட் ஓரத்தில் நடந்து நடந்தே கழித்தவள், மூக்கு நுனி அரித்தால்கூடச் சொறியாமல் உட்கார்ந்திருக்கிறாள், மஞ்சள் நீராட்டுக்கு உட்கார்த்தி வைத்த பெண் மாதிரி. பனியன் கழுத்தில் கவ்வியிருந்த மைக் ஒரு பக்கமாக இழுத்தது. அதைச் சரிசெய்யக் கை போய்ப் பாதியில் நின்றது. எத்தனை நாளாகச் சேர்த்து வைத்த தைரியம், ஒரு வாரம், ஒரு வாரமாகக் குளிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தது, கேமராவைப் பார்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும், அந்தக் கூடையை நான் போடவில்லை. நாலே வார்த்தை. நாலு மணிக்குச் சொல்லியிருந்தால் நாலு ஒன்றுக்கு முடிந்திருக்கும். இப்போது மணி நாலு இருபது, தைரியம் வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி ஒழுகிக்கொண்டிருக்கிறது, அந்த ஆள் எந்தக் கடையில் நின்று டீ குடிக்கிறாரோ தெரியவில்லை.

அந்தக் கூடை என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூற்றாறு ஜனவரி, திண்டுக்கல்லில் மாவட்டங்களுக்கு இடையிலான பெண்கள் இறுதி ஆட்டம், எதிரே கோயம்புத்தூர். அவர்கள் ஐம்பத்தொன்று, நாம் ஐம்பது, பதினோரு விநாடி பாக்கி. நினைக்க ஆரம்பித்தால் அவளுக்கு எப்போதும் அந்தப் பதினோரு விநாடி பதினொன்றாக நடப்பதில்லை, முதல் மூன்று விநாடி ஓடும், அப்புறம் சிமெண்டுத் தரையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். டைம் அவுட்டில் சொன்னது ஒன்றுதான், பந்து கேப்டனுக்கு, கேப்டன் இடது மூலைக்கு. அவள்தான் கேப்டன், ஏழாம் நம்பர். மூலைக்கு ஓடினாள், அங்கே யாரோ கொட்டிய தண்ணீரோ மண்ணோ, கால் வழுக்கியது, முழங்கை உரசிக்கொண்டு போய் விழுந்தாள், விழுந்த இடத்திலிருந்து கத்தினாள், எனக்குப் போடு, ரமணி, எனக்குப் போடு. தரையில் கிடக்கிறவளுக்குப் பந்து எதற்கு? அது அப்போது தோன்றவில்லை. பந்து கேட்கிற வாய் மட்டும் எழுந்து நின்றது. ரமணி ஐந்தடிகூட இல்லாதவள், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஓரடி வெளியே பந்தை வைத்துக்கொண்டு நின்றாள், இவளை ஒரு தடவை பார்த்தாள், பார்த்துவிட்டுத் தானே எறிந்தாள். பந்து ரிங்கின் முன்பக்கத்தில் இடித்து மேலே எழும்பியது. கீழே நாலைந்து கைகள். அதில் எல்லாவற்றுக்கும் மேலே போனது கோகிலவாணியின் கை, கோயம்புத்தூரின் சென்டர், அன்றைக்கு ஆடிய எல்லோரையும்விட உயரம். வெளியே தட்டிவிடப் போன கை. அவள் விரல் நுனியில் ஏறிய பந்து ஒரு உருட்டு உருண்டு, வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே விழுந்தது. விழுந்ததும் டேபிளில் மணி அடித்தார்கள், பள்ளிக்கூடத்து வெண்கல மணி. தரையில் கிடந்தவளுக்குத்தான் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, கீழேயிருந்து மேலே பார்ப்பதில் அந்த ஒரு வசதி. சுற்றி நின்ற கூட்டத்துக்குக் கைகளும் வலையும்தான் தெரிந்தன. அவர்கள் ஓடி வந்து கேப்டனைத் தூக்கினார்கள், ஜெயித்தால் கேப்டனைத் தூக்குவது வழக்கம், முழங்கையில் ரத்தம் வழிய இவள் தோள்களின் மேல் போனாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள். கோகிலவாணி போஸ்டுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் யார் பொய் சொன்னார்கள்? அதுதான் எமரன்சியாவுக்கு ஆத்திரமே. யாராவது ஒருத்தர் பொய் சொல்லியிருந்தால் அவர் மேல் கோபித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஸ்கோர் எழுதியவர் தேவசகாயம் சார். முதல் பாதிக்குச் சிவப்புப் பேனா, இரண்டாம் பாதிக்கு நீலப் பேனா, சட்டைப் பையில் இரண்டும் கம்பீரமாக நிற்கும். முப்பத்தொரு வருடம் எழுதினார், ஒரு தாளில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, ஒரு தடவை ஒரு ஃபவுல் யார் மேல் என்று சந்தேகம் வந்து ஆட்டத்தையே பதினோரு நிமிடம் நிறுத்தி வைத்தவர். எதிரணி ஆள் கைதவறித் தன் பக்கத்துக் கூடையிலேயே பந்தைப் போட்டுவிட்டால் அந்த இரண்டு புள்ளியை யார் பேரில் எழுதுவது? புள்ளி கிடைத்த அணியின் கேப்டன் பேரில். அதுதான் விதி. போட்டவள் பேரில் எழுத முடியாது, அவள் எதிரணி. அந்தரத்திலும் விட முடியாது, தாளில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு நம்பர் இருந்தாக வேண்டும். அதனால் சார் நீலப் பேனாவால் ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தில் ஏழு என்று எழுதினார். எழுதியதோடு விடவில்லை, முழங்கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் வந்து, "ரெண்டு பாயிண்ட் ஒம் பேர்ல ஏறியிருக்கு, விதி அப்படி, நீ போட்டதா அர்த்தமில்ல கேட்டியா" என்று சொல்லிவிட்டும் போனார். அப்புறம் அந்தப் பத்திரிகைக்காரர். அவர் மேலும் குறை சொல்ல முடியாது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே எஸ்.டி.டி. பூத்தில் இடம் பிடிக்கப் போய்விட்டார், அப்போதெல்லாம் ஆபீசுக்குச் செய்தி சொல்ல அது ஒன்றுதான் வழி, பூத்தில் முன்னால் நாலு பேர், திரும்பி வந்தால் மைதானம் காலி. டேபிளில் இருந்த தாளைப் பார்த்து எழுதிக்கொண்டார். கடைசிக் கூடை ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர் கேப்டன். கடைசியில் கேப்டன் எங்கே நின்றாள் என்று நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த யாரையோ கேட்டிருக்கிறார், இடது மூலையில் என்று அந்த ஆளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஏழாம் பக்கத்தில், கிரிக்கெட்டுக்குக் கீழே, கூடைப்பந்துக்கு எப்போதும் விடுகிற ஒரு சாண் இடத்தில், இடது மூலையிலிருந்து கேப்டன் எமரன்சியா எய்த கடைசி விநாடிக் கூடையால் தூத்துக்குடி சாம்பியன். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள். செய்து முடித்தபோது நடக்காத ஒன்று நடந்துவிட்டிருந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. ரமணிதான் அதிகம் சிரித்தாள். விடுட்டி, பேப்பர்காரன் என்னத்தக் கண்டான், ஒனக்கு யோகம் என்றாள். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்தால் அப்பா ஏற்கெனவே கத்தரித்து வைத்திருந்தார். அப்பா, அது நான் போடலப்பா என்று சொன்னாளா? சொன்னாள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள், யோசித்துப் பார்த்தால் சாப்பிட்டுட்டுச் சொல்லலாம் என்று இருந்தது, அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அந்த வெட்டுத் துண்டு ஃபைலில் ஏறியது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனபோது நேர்முகத்தில் அதைத்தான் கையில் எடுத்தார்கள், நீங்கதானா அது என்றார்கள், இவள் எல்லாரும் சேர்ந்து ஆடினோம் சார் என்றாள், அடக்கமான பெண் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். அன்று பிடித்த பதில் அது. எல்லாரும் சேர்ந்து ஆடினோம். இருபத்தெட்டு வருடமாக யார் கேட்டாலும் அதுதான். நான் போட்டேன் என்று ஒரு தடவைகூட இவள் வாயால் சொன்னதில்லை, சத்தியமாக இல்லை, வேண்டுமானால் யாரையும் கேட்டுப் பார்க்கட்டும். அதை நினைத்து ஒரு பெருமைகூட உண்டு. என்ன பெருமை, திருடவில்லை, திறந்து கிடந்த வீட்டில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான் என்பது மாதிரி ஒரு பெருமை. தேவசகாயம் சார் பாளையங்கோட்டையில் இருக்கிறார், எண்பத்தொரு வயது, காது மந்தம், மருமகள் காதில் மெஷினை மாட்டிவிட்டுக் கைபேசியில் கூடைப்பந்து வீடியோ ஒன்று விடாமல் பார்க்கிறார். கிறிஸ்துமசுக்குப் போன் பண்ணினால் ஒன்று கேட்பார், பிள்ளைகளுக்கு விதியெல்லாம் சொல்லிக் குடுக்கியா, கேப்டன் பேர்ல எழுதுத அந்த விதி, அதச் சொல்லிக் குடு, ஒருத்தருக்கும் தெரிய மாட்டேங்கு. சொல்லிக் குடுக்கேன் சார் என்பாள். மூன்று விநாடி விதி, ஐந்து விநாடி விதி, எட்டு விநாடி விதி, எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒன்றை மட்டும் இதுவரை எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை.

கோர்ட்டில் பிள்ளைகள் வார்ம் அப் முடித்துவிட்டு, கேமரா வந்திருக்கிறது என்பதால் தேவைக்கு மேல் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எண்ணினாள். பதினொன்று. கேப்டன் இன்பரசி இன்றும் வரவில்லை. ஆறு நாள். இடது மூலையில் வரிசை நின்றது, அங்கிருந்து திரும்பி எம்பி எறிகிற அந்த எறிக்கு ஆபீஸ் நேரம் போக இவள் பயிற்சி கொடுக்கிற இந்தப் பள்ளியில் எமி ஷாட் என்று பேர். யார் வைத்த பேரோ. தினமும் பயிற்சி முடியும்போது ஆளுக்குப் பத்து எமி ஷாட், போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். விளையாட்டு அறைச் சுவரில் அந்தப் பேப்பர் துண்டு, லேமினேஷன் போட்டு, தலைமையாசிரியை தொங்கவிட்டது. கடைசிப் பந்து கேப்டனுக்கு என்பது இங்கே சட்டம். இவள் போட்ட சட்டம் இல்லை, ஆனால் இவள் கலைக்காத சட்டம். நடக்காத எறியை மூலையில் நின்று இருபது வருடமாகப் பிள்ளைகள் எறிகிறார்கள், இவள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முழங்கையை உள்ளே வை, முழங்கையை உள்ளே வை என்று திருத்துகிறாள், எதைத் திருத்துகிறாள். போன வாரம் மண்டல இறுதி ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்னால், ஆறு விநாடி, இன்பரசி பந்தோடு இடது மூலைக்கு ஓடினாள். அவள் மேல் இரண்டு பேர். கூடைக்கு நேர் கீழே செல்வராணி தன்னந்தனியாக நின்று கையை ஆட்டினாள், பக்கத்தில் ஈ காக்கா இல்லை, கொடுத்தால் குருடிகூடப் போடுவாள். இன்பரசி பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி எம்பி எறிந்தாள். பந்து போர்டின் விளிம்பில் பட்டு வெளியே போனது. அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதவளிடம் ஏன்ட்டி குடுக்கல என்று கேட்டதற்கு அவள் சொன்னது, "கேப்டன் போடணும்லக்கா. நீங்க போட்டீங்கள்ல." அதைக் கேட்டதும் இவளுக்குக் கை நீண்டுவிட்டது, அடிக்கவில்லை, ஆனால் நீண்டது. யாரை அடிக்க என்று இன்னும் தெரியவில்லை. அவள் அம்மா போனில், போதும் டீச்சர், பிள்ளை சாப்பிட மாட்டேங்கா, இந்தப் பந்து சோலியே எங்களுக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டாள். நேரில் போய்ச் சொல்லலாம்தான். சொன்னால் என்ன நினைப்பாள், அக்கா என்னைச் சமாதானப்படுத்தக் கதை விடுகிறாள் என்பாள், சுவரில் பேப்பர் தொங்குகிறதே. பேப்பரை வெல்ல இன்னொரு பேப்பர்தான் வேண்டும், அல்லது இந்தக் கேமரா. இன்பரசி இந்தச் சேனலைப் பார்ப்பாள், எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும். அதற்காகத்தான் பேட்டி என்றதும் ஒப்புக்கொண்டாள், முன்பு மூன்று தடவை முடியாது என்று சொன்னவள்.

பேட்டரி கிடைக்கலையாம் மேம், இன்னொரு கடைக்குப் போறாராம், அஞ்சே நிமிஷம் என்றாள் அபிநயா தலையைத் தூக்காமல். நல்ல பெண்தான், மரியாதையாகப் பேசுகிறாள், கோர்ட்டைக் கிரவுண்டு என்கிறாள், ரீபவுண்ட் என்றால் என்ன என்று காரில் வரும்போது தேடிப் படித்துக்கொண்டு வந்ததாக அவளே சொன்னாள். இந்த வீடியோவுக்கு இப்பவே தலைப்பு வச்சாச்சு மேம், அந்த ஒரு விநாடி, உங்க முகம் பெருசா, பக்கத்துல பந்து. தலைப்பு வைத்தாகிவிட்டது. ஆள் இன்னும் வாயைத் திறக்கவில்லை, தலைப்பு வைத்தாகிவிட்டது. எமரன்சியா எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம், ஃபிரேம் விடாது. வேலை போய்விடுமோ என்று ஒரு பயம் எட்டிப் பார்த்தது. இத்தனை வருடம் கழித்து யார் என்ன செய்ய முடியும், சாம்பியன் ஆனது நிஜம், சான்றிதழ் நிஜம். ஆனாலும் அலுவலகத்தில் நாளைக்கு ஒருத்தர் சிரிப்பார், அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியும், உதட்டை மூடிக்கொண்டு. சிரிக்கட்டும். அதைவிடப் பெரிய முள் ஒன்று உண்டு, கோகிலவாணி. போஸ்டுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்த அந்தப் பார்வை. என் கை போட்டது, உன்னைத் தூக்குகிறார்கள், நடத்து என்கிற பார்வை. அன்றைக்குக் கீழே இறங்கிப் போய் ஒரு கை கொடுத்து எழுப்பியிருக்கலாம், கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ போட்டிகளுக்குப் போயிருக்கிறாள், கோயம்புத்தூர் அணி வந்தால் கூட்டத்தில் அந்த உயரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றால்தான் மூச்சு விடுவாள். பொள்ளாச்சிப் பக்கம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை என்று கேள்விப்பட்டதோடு சரி. ஒரு போன் பண்ண எத்தனை நிமிடம் ஆகும். இருபத்தெட்டு வருடமாக அந்த ஒரு நிமிடம் இவளுக்குக் கிடைக்கவில்லை.

அபிநயா நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்தினாள். மேம், ஒரு சர்ப்ரைஸ் வச்சிருந்தோம், கேமரா முன்னாடிதான் காட்டலாம்னு இருந்தேன், பரவால்ல, போரடிக்குது இல்ல, இப்பவே கேளுங்க என்று கைபேசியை நீட்டினாள். அன்னைக்கு எதிர் டீம்ல ஆடினவங்க ஒருத்தங்களத் தேடிப் பிடிச்சோம், கோகிலவாணின்னு. எமரன்சியாவின் முழங்கை, அந்தப் பழைய முழங்கை, திடீரென்று எரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதற்குள் குரல் வந்துவிட்டது, பின்னால் பள்ளிக்கூட இரைச்சலோடு, கனத்த குரல்.

"எமியாங்க? அவள மறக்க முடியுமாங்க. அந்த இடது மூலையில இருந்து ஒரு பந்து போட்டா பாருங்க, நான் என்ற உசரத்துக்கு எம்பிப் பாத்தனுங்க, எட்டுல. வலையில விழுந்தப்பறந்தான் திரும்பிப் பாக்கறேன். இங்க எங்க புள்ளைககிட்ட இன்னைக்கும் சொல்லுவேன், நல்ல ஆட்டக்காரிகிட்டத் தோத்துப்போறதுல அவமானம் ஒண்ணுமில்ல சாமின்னு. அவள நல்லா இருக்கச் சொல்லுங்க."

செமயா பேசுறாங்கல்ல மேம் என்றாள் அபிநயா. எமரன்சியா தலையை ஆட்டினாள், ஃபிரேம் போனால் போகட்டும். எட்டவில்லையாம். எட்டியதுதானே எல்லாம். அந்த விரலில் பந்து உருண்டதை நான் பார்த்தேன்டி, நீயும் பார்த்தாய், உன் விரல், உனக்குத் தெரியாதா. எட்டவில்லை என்கிறாள், என்ன சுத்தமாகச் சொல்கிறாள், ஒரு திக்கல் இல்லை, பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கின பேச்சு. அப்படியானால் அந்தப் பேப்பரை அவளும் வாங்கியிருக்கிறாள். அந்த வரியை அவளும் படித்திருக்கிறாள். படித்தபோது என்ன ஆகியிருக்கும், கோயம்புத்தூருக்குத் திரும்புகிற பஸ்ஸில், தோற்ற அணியோடு, ஜன்னல் ஓரம், தன் பேரைத் தேடியிருப்பாள், இருக்காது, இவள் பேர் இருக்கும், கடைசி விநாடிக் கூடை என்று இருக்கும், அப்பாடா என்றிருக்கும். அந்த அப்பாடாவின் மேல் ஒரு வீடு கட்டி அவளும் குடியிருந்திருக்கிறாள். தன் கையாலேயே தோற்றவள் என்று எழுதாமல் விட்ட அந்த ஒரு சாண் செய்தி, இவளுக்கு வேலை கொடுத்தது, அவளுக்கு முகம் கொடுத்தது. பார்த்தாளே ஒரு பார்வை, போஸ்டுக்கு அடியில், அது குற்றம் சொன்ன பார்வையா, இல்லை சொல்லிவிடாதே என்று கேட்ட பார்வையா. இத்தனை வருடமும் தப்பாகப் படித்துக்கொண்டா இருந்தாள்? எமரன்சியாவுக்கு எரிச்சலில் கண் கலங்கியது. ஒரு வாரமாகத் தயார் செய்த உண்மை, நாலே வார்த்தை, அதைச் சொன்னால் அடுத்த கேள்வி யார் போட்டது என்பது, அதற்குப் பதில் சொன்னால் பொள்ளாச்சியில் ஒரு கோர்ட்டில் நின்று பிள்ளைகள் கைபேசியைக் காட்டுவார்கள், மிஸ், அது உங்க கையாமே. சொல்லாவிட்டால் இன்பரசி வீட்டில் சாப்பிடாமல் கிடப்பாள். நல்ல காலம் பார்த்துத் தேடிப் பிடித்தார்களே ஆளை. நாலு மணிக்கே பேட்டரி இருந்திருந்தால் இந்தக் குரலைக் கேட்காமலே சொல்லி முடித்திருப்பாள்.

கேமராக்காரர் வந்துவிட்டார், மன்னிப்புக் கேட்டார், பனியன் கழுத்தில் மைக்கைச் சரிசெய்தார், ஒன்று இரண்டு மூன்று சொல்லச் சொன்னார். சொன்னாள். வெள்ளைக் குடைக்குள் விளக்கு எரிந்தது. ரெக்கார்டிங் என்றார். அபிநயா குரலை மாற்றிக்கொண்டு, வணக்கம் சொல்லி, சின்ன வயது, குடும்பம், முதல் பந்து என்று சுற்றி வந்தாள், இவளும் ஏதேதோ சொன்னாள், என்ன சொல்கிறோம் என்று இவளுக்கே கேட்கவில்லை, உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது, யாரையும் காட்டிக்கொடுக்காமல் இறங்குவதற்கு ஒரு படி எங்காவது இருக்குமா என்று. ரமணி. திருப்பூரில் இருக்கிறாள், தினமும் பழைய டீமின் வாட்ஸப் குழுவில் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறாள், இத்தனை வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, எறிந்தது நான்தானே என்று கேட்காதவள். எறிந்தது அவள்தானே. ரிங்கில் இடித்ததை விட்டுவிடலாம். விரலை விட்டுவிடலாம். அபிநயா முன்னால் சாய்ந்தாள், இப்ப அந்த ஒரு விநாடி, மேம், அந்தப் பந்தை எப்படிப் போட்டீங்க.

"நான் போடல" என்றாள் எமரன்சியா. அபிநயாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "நான் கீழ விழுந்து கெடந்தேன். எனக்குப் போடு, எனக்குப் போடுன்னு கத்தினேன். ரமணின்னு எங்க டீம்ல ஒரு பிள்ள, அவ என்னப் பாத்தா, பாத்துட்டுக் குடுக்கல. அவளே போட்டா, போச்சு. அன்னைக்கு அவ எம்பேச்சக் கேட்டு எனக்குக் குடுத்திருந்தா நாங்க தோத்திருப்போம். கேப்டனுக்குத்தான் குடுக்கணும்னு ஒண்ணும் இல்ல. யாரு நல்ல இடத்துல நிக்காளோ அவகிட்டக் குடுக்கணும். இன்பரசி, இத நீ பாத்துட்டு இருந்தேன்னா ஒனக்குத்தான் சொல்லுதேன், நாளைக்கு வந்துரு."

சொல்லி முடித்துவிட்டாள். எங்கோ ஒரு சுமை இறங்கியதுபோல் இருந்தது, முக்கால்வாசியாவது. கோர்ட்டில் பந்துச் சத்தம் நின்றிருந்தது, பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், கேட்கட்டும். அபிநயா கேமராக்காரரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் நிறுத்தவில்லை. அபிநயா திறமைசாலி, முகத்தைத் திருத்திக்கொண்டு, அப்போ பேப்பர்ல உங்க பேர் எப்படி வந்துச்சு மேம் என்றாள். பேப்பர்காரர் கடைசியில் கோர்ட்டிலேயே இல்லை, ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து எழுதினார் என்றாள் எமரன்சியா. அதைச் சொல்லும்போதே தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது. அபிநயா கைபேசியை எடுத்தாள். அந்த ஸ்கோர் ஷீட்டுதான் மேம் எங்கிட்ட இருக்கு, பழைய போட்டோ போடுற ஒரு ஃபேஸ்புக் பக்கத்துல கிடைச்சுது, வீடியோல காட்டுறதுக்காக எடுத்து வச்சேன், இதுல ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்துல ஏழுன்னுதானே இருக்கு என்று நீட்டினாள். இருந்தது. மஞ்சள் பூத்த தாளில் நீல மையில், தலைக்குக் கோடு போட்ட ஏழு. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு, சின்ன விளக்கம், ஒரு விதி, எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்காத விதி, அதை இப்போது சொன்னால் ரமணியும் போட்டதாகாது, நேரே போய் அந்த விரலில்தான் நிற்கும். கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அப்போ இது எப்படி மேம் என்றாள் அபிநயா மறுபடியும்.

"அது எழுதினவரு தப்பா எழுதிட்டாரு" என்றாள் எமரன்சியா.

ஓ என்றாள் அபிநயா. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள், தாளின் அடிப்பக்கத்துக்கு நகர்த்தினாள், தலையைச் சாய்த்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். இங்கே கையெழுத்து இருக்கு மேம், நல்லாத் தெளிவா இருக்கு, சா. தேவசகாயம். கேமராவுக்குத் தெரியும்படி கைபேசியைத் திருப்பிப் பிடித்தாள்.

"இவருதானா மேம், தப்பா எழுதினது?"

"ஆமா" என்றாள் எமரன்சியா. "அவருதான்."